பேடக் ஸ்டாண்டு: தனி ஆளாகத் தூக்கலாமா?

கேள்வி: யூஸ்ட் யமஹா ஆர்25 மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். டபுள் ஸ்டாண்டு கிடையாது என்பதால் செயின் கழுவுவதற்கு, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்டு ஒன்றும் வாங்கினேன். தனியாகத் தூக்கும்போது ஸ்டாண்டு ஒரு பக்கம் வழுக்கி, மோட்டார் வலது பக்கம் விழுந்துவிட்டது. பிரேக் லீவர் வளைந்துவிட்டது. வீட்டு வாசல், வடிகாலான லோங்காங்கைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு. இதைத் தனி ஆளாகச் செய்ய முடியுமா, இல்லை விற்றுவிடலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: விற்க வேண்டாம், தம்பி. தனி ஆளாகச் செய்ய முடியும். முதலில் அந்த பிரேக் லீவரை மாற்றிவிடுங்கள். சுத்தியலால் தட்டி நேராக்க வேண்டாம். வளைந்து நிமிர்ந்த அலுமினியம், அவசரத்தில் அழுத்தும்போது முறிந்துவிடும்.

வலது பக்கம் விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. இடது பக்கம் சாய்ந்தால் சைடு ஸ்டாண்டு தாங்கிக்கொள்ளும். வலது பக்கம் தாங்க ஒன்றுமில்லை. ஏறக்குறைய 170 கிலோ வண்டியை நேராக நிமிர்த்தும்போது ஒரு விரல்கடை கூடுதலாகத் தள்ளிவிட்டாலும் இடது பக்கம் நிற்கிறவரால் இழுத்துப் பிடிக்க முடியாது. ஸ்டாண்டில் ஏற்றும் வேலையில் ஆபத்தான நேரம் அதுதான். தூக்குவது அல்ல, தூக்குவதற்கு முன்னால் நிமிர்த்துவது.

உங்கள் ஸ்டாண்டின் மேல்முனை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ரப்பர் வைத்த எல் வடிவமா, பிளவுபட்ட வி வடிவமா? எல் வடிவம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அடியில் சும்மா உட்காரும். தோட்டத்துச் செம்மண்ணும் செயின் எண்ணெயும் அங்கே படிந்திருந்தால் வழுக்கத்தான் செய்யும். வி வடிவம் வாங்கி, ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் பாபின் என்னும் சிறு உருளையைப் பூட்டுங்கள். வி அந்த பாபினைக் கவ்விக்கொள்ளும், பக்கவாட்டில் நகராது. வாங்கும்போது மரை அளவைக் கேளுங்கள். யமஹாவில் பெரும்பாலும் 6 மி.மீ., ஹோண்டா, சுசுகியில் பெரும்பாலும் 8, கவாசாகியில் 8 அல்லது 10. முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையாலேயே திருகுங்கள். கையால் போகாத பாபினை ஸ்பேனர் போட்டுத் திருகினால் மரை போய்விடும். ஸ்டாண்டின் அகலத்தையும் பாபினுக்குச் சரியாக வைத்து, போல்ட்டை இறுக்கிவிடுங்கள்.

அடுத்தது தரை. மட்டமான சிமெண்டுதான் நல்லது. வெயிலில் இளகிய தார், கிராவல், மழையில் நனைந்த மண் எதுவும் ஆகாது, ஸ்டாண்டின் சின்னச் சக்கரம் புதைந்துவிடும். தடித்த பலகை ஒன்றைப் போட்டால் சமாளிக்கலாம். உங்கள் வாசல் சரிவு என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டாண்டில் ஏறிய வண்டி எப்போதும் முன்னோக்கித்தான் இறங்கும். பின்னோக்கித் தள்ளினால் ஸ்டாண்டின் கைப்பிடி தரையில் இன்னும் அழுந்தும். அதனால் முன்சக்கரம் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். லோங்காங்கைப் பார்த்து நிறுத்தவே கூடாது. சரிவுக்குக் குறுக்கேயும் வேண்டாம். கண்ணுக்கே தெரிகிற சரிவு என்றால் வேறு இடம் பாருங்கள்.

இனி தூக்கும் முறை. சைடு ஸ்டாண்டு போட்டபடி ஹேண்டிலை நேராக வையுங்கள். பிரேக் லீவரை அழுத்தி, பழைய சைக்கிள் டியூப் துண்டால் கட்டிவிடுங்கள். இடது பக்கம் பின்னால் நின்று, ஒரு கையால் வால் பகுதியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டாண்டைப் பின்னாலிருந்து தள்ளி, இரண்டு வி-யும் பாபினுக்கு நேரே வரும்படி வையுங்கள். பிறகு வண்டியை மெதுவாக நிமிர்த்துங்கள், நேராகும் வரைக்கும் மட்டும். குனிந்து வலது பக்க பாபினைக் கண்ணால் பாருங்கள். அது உட்காராமல் தூக்கினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். இரண்டும் உட்கார்ந்ததும் கைப்பிடியை லேசாக அழுத்துங்கள். வண்டியின் எடை ஸ்டாண்டுக்கு மாறுவது கையிலேயே தெரியும். அப்புறம் உடம்பின் எடையைப் போட்டு ஒரே சீராகத் தரைவரை அழுத்துங்கள். பாதியில் விடக் கூடாது.

இறக்கும்போதுதான் பலர் ஒன்றை மறக்கிறார்கள்: சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து வைக்க வேண்டும். பின்னால் நிற்கும்போது கால் அதற்கு எட்டாது. கைப்பிடியை மெதுவாக உயர்த்துங்கள், சக்கரம் தரையைத் தொடும் முன்பே ஒரு கை வால் பகுதிக்குப் போய்விட வேண்டும், தொட்டதும் வண்டியை இடது பக்கம் சாயவிடுங்கள்.

கை பழகும் வரை அண்ணனோ பக்கத்து வீட்டுக்காரரோ வலது பக்கம் நின்று ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும். இதில் கூச்சமே வேண்டாம்.

ஏறிய வண்டியில் உட்காராதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தால் அச்சு நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். மேலே வைத்துக்கொண்டு பலமாக முன்பக்கம் இழுத்தால் வண்டி ஸ்டாண்டைத் தாண்டி இறங்கிவிடும். முன்சக்கரத்தையும் தூக்குவதானால் பின்பக்கம் முதலில் ஏற வேண்டும், இறக்கும்போது முன்பக்கம் முதலில்.

செயின் கழுவும்போது இஞ்சினை ஓடவிட்டு கியர் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும், வெட்டுப்படும் வரை வலிகூடத் தெரியாது. இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயின் பல்சக்கரத்துக்குள் நுழைகிற இடத்தில் கை வேண்டாம், வெளியே வருகிற இடத்தில் துடையுங்கள். கழுவ மண்ணெண்ணெய் போதும், பெட்ரோல் வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது வாரக்கணக்கில் ஸ்டாண்டிலேயே விட்டுப் போவதானால், அது பூட்டு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். ஹேண்டில் பூட்டோடு, பின்சக்கரத்தில் ஒரு கனத்த சங்கிலியைப் போட்டு வீட்டுத் தூணோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.