வாசலில் கொஞ்சம் இடம் இருக்கிறது. வண்டும் வண்ணத்துப்பூச்சியும் வரும்படி எந்த நாட்டுச் செடியை வைக்கலாம்?

ஆவாரை. நல்ல வெயில் விழுந்து, தண்ணீர் தேங்காத இடமென்றால் யோசிக்கவே வேண்டாம்.

பொங்கல் காப்புக்குப் பூப் பறிக்கப் போன இடத்தில் ஒரு கன்றைப் பிடுங்கி வந்து நட்டேன். நாலே நாளில் காய்ந்தது. ஆணிவேர் அறுந்த பிறகு எங்கே பிழைக்கும்? விதைதான் வழி. தோல் கெட்டி என்பதால் கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் உப்பியிருந்ததை நேரே மண்ணில் ஊன்றினேன். உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போட்டேன். புரட்டாசியில் ஊன்றினால் மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். எனக்கு இரண்டாம் வருடம் பூத்தது.

பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பை நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். மரத்தைத் துளைக்கும் அந்தக் கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை விரிக்காமலே உடம்பை அதிரவைக்கும். உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல மகரந்தம் கொட்டும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் அப்போது சட்டென்று சுருதி ஏறும். காலையில் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்.

வண்ணத்துப்பூச்சி வருவது இலைக்காக. பச்சை சாயல் ஓடிய ஒரு வெள்ளைப் பூச்சி வந்து முட்டையிட்டுப் போகும். கார்த்திகையில் புழுக்கள் ஒரு கிளையையே மொட்டையாக்கிவிட்டன. அம்மா வேப்பெண்ணெய்க் கரைசலோடு வந்துவிட்டார், தடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கொஞ்ச நாளில் தானாகத் துளிர்த்தது. புழுவுக்கு மருந்தடிப்பதாக இருந்தால் ஆவாரை வேண்டாம், குரோட்டன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிச்செடியிலும் பூச்சி மொய்க்குமே என்று யாராவது சொல்வார்கள். மொய்க்கும்தான். ஆனால் அது மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி. வாசலில் வைத்தால் பழம் தின்னும் குருவிகளே ஊரெல்லாம் விதைத்துவிடும்.

இன்னொன்று, செடிக்குப் பக்கத்தில் காய்ந்த மூங்கிலோ பட்ட கட்டையோ கிடந்தால் எடுத்துப் போடாதீர்கள். கருவண்டு கூடு வைப்பது அதில்தான். எங்கள் துணிக்கொடிக் கழியில் இப்போது மூன்று துளை. கொடியை வேறு பக்கம் மாற்றிக் கட்டிவிட்டோம்.