நள்ளிரவு அழைப்புகள்

கேள்வி: ஆறு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் நான், மதுரை அருகே ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய இளைஞர் ஒருவர், "அண்ணே, உங்களிடம் பேசினால்தான் குடிக்காமல் இருக்க முடிகிறது" என்று நள்ளிரவிலும் அழைக்கிறார். கைமாற்றாக 2,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) அமைப்பில் நான் செல்லும் கூட்டத்திற்கே வந்து, தமக்கு ஸ்பான்சராக, அதாவது வழித்துணையாக, இருக்கும்படி கேட்கிறார். அவர் என்னிடம் பேசுவதைச் சொல்லும்படி அவருடைய மனைவி அழுகிறார். விலகினால் அவர் மீண்டும் குடித்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் அச்சம் அன்பில் பிறந்தது. ஆயினும், அவர் குடிக்காமல் இருப்பது முழுவதும் உங்கள் கைபேசியை நம்பி நிற்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவர் யாரை அழைப்பார்?

ஸ்பான்சராக ஒப்புக்கொள்ளாதீர்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் ஒருவருக்கொருவர் துணைநின்றதில் பிறந்த அந்த இயக்கத்தில், ஸ்பான்சர் என்பவர் ஊதியம் பெறாத சக உறுப்பினர். நீங்களோ ஊதியம் பெற்று, அவரைப் பற்றிக் கோப்பில் எழுதி, அவர் மறுபடி சேர்க்கப்பட்டால் மருத்துவரிடம் கருத்தும் சொல்ல வேண்டியவர். தன் பணி என்றும் தொழிலாகிவிடக் கூடாது என்று ஏ.ஏ.யின் நெறிகளில் ஒன்றான எட்டாம் மரபே கூறுகிறது. மேலும், அந்தக் கூட்டம் உங்களுக்கும் மருந்து. அவர் எதிரில் அமர்ந்திருக்கும்போது, குடிக்கத் தோன்றிய நாளைப் பற்றி நீங்கள் மனம்விட்டுப் பேச முடியுமா? புதியவரான அவரை அலைக்கழிக்காமல், நீங்களே வேறு குழுவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள், இனிக் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். பணியின் தொடக்கத்தில் நானும் ஒருவருக்குக் கடன் கொடுத்தேன். மீண்டும் குடித்தபோது, முகத்தில் விழிக்கக் கூசி அவர் ஆலோசனைக்கே வரவில்லை. நடந்ததை இந்த வாரமே உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

மனைவியின் துயரம் உண்மையானது; ஆனால் மதுப்பழக்கம் சார்ந்த மனநலச் சிக்கல்களையும் உள்ளடக்கிய 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சையில் அறிந்ததை ரகசியமாகக் காக்கும்படி பணிக்கிறது. உயிருக்கு ஆபத்தோ, பிறருக்குத் தீங்கு நேரும் நிலையோ இருந்தால் தேவையான அளவு சொல்லலாம். அந்த அம்மாளை அவர் தம் நியமனப் பிரதிநிதியாக (சிகிச்சை முடிவுகளில் தமக்குத் துணைநிற்பவராக) அறிவித்திருந்தால் அதற்குரிய தகவலையும் தரலாம். இல்லையேல், இருவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசுங்கள். குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டத்தையும் அந்த அம்மாளுக்கு அறிமுகப்படுத்துங்கள்.

இந்த மாற்றங்களைத் தொலைபேசியில் அறிவிக்காதீர்கள். பகலில் அந்த இளைஞரை மையத்திற்கு வரவழைத்து, இன்னோர் ஆலோசகரும் உடனிருக்க, இரவில் அழைப்பதற்கு ஏ.ஏ. உறுப்பினர் இருவரின் எண்களையும், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐயும் அவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். குடியைத் திடீரென நிறுத்திய நாட்களில் வலிப்போ மனக்குழப்பமோ கண்டால், யாரிடமும் பேசிக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை அவருடைய மனைவிக்கும் சொல்லி அனுப்புங்கள்.