டிரெய்லரை மாட்டினால் எண்ணெய் ஏன் இப்படிக் குடிக்கிறது?

கேள்வி: ஐயா, என் டீசல் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி சும்மா ஓடினால் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுக்கும். சின்ன கேரவன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஈப்போ போனால் 7தான். டிரெய்லர் ஒன்றும் அவ்வளவு கனமில்லையே?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கனத்தை விடுங்கள், உங்கள் எண்ணெயைக் குடிப்பது காற்று. சமதள நெடுஞ்சாலையில் டிரெய்லரின் முகப்பு எவ்வளவு அகலம், வண்டிக் கூரைக்கு மேல் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதுதான் கணக்கு, அந்தக் காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 110இல் போகிறவர் 90க்கு இறங்கினால் காற்றுத் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், காசு செலவே இல்லை. பின்னால் வருகிறவர் விளக்கடித்தால் அடிக்கட்டும், இடது தடத்திலேயே போங்கள்.

கனம் தன் வேலையைக் காட்டுவது காராக் மேட்டிலும் கேமரன் மலை ஏற்றத்திலும்தான். அங்கே கியர் மாறி மாறித் தவித்தால் நீங்களே ஒரு கியர் இறக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், கியர்பாக்ஸும் அவ்வளவாகச் சூடேறாது. கேரவனின் தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பாதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ, போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் டயர் காற்று. காருக்குப் பார்ப்பவர்கள்கூட டிரெய்லரை மறந்துவிடுவார்கள். கிளம்பும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போதே பாருங்கள்.