அலையில்லாத இடம்

அன்புள்ள அக்கா,

நான் சென்னைப் பையன். கல்லூரி கடைசி வருஷத்துக்கு முன்னால் சிட்னியில் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்து வந்திருக்கிறேன். என்னோடு பிரேசில், ஜெர்மனி, வியட்நாம் என்று பல நாட்டுப் பிள்ளைகள். போன சனிக்கிழமை எல்லாரும் 333ஆம் நம்பர் பஸ் பிடித்து போண்டை கடற்கரைக்குப் போனோம். எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் கேலி செய்ததும் வேறு வழியில்லாமல் இறங்கினேன். இங்கே குளிக்கலாம் என்று லைஃப்கார்டுகள் கொடி நட்டிருந்த இடத்தில் ஒரே கூட்டம். பக்கத்திலேயே அலை இல்லாமல் அமைதியாக ஓர் இடம் தெரிந்தது. நானும் நீச்சல் தெரியாத வியட்நாம் பையனும் அங்கே போனோம். மார்பளவுத் தண்ணீர்தான். கொஞ்ச நேரத்தில் லைஃப்கார்டு ஒலிபெருக்கியில் எங்களைப் பார்த்துக் கத்தினார். கடற்கரையே திரும்பிப் பார்த்தது. நண்பர்கள் சிரித்தார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை. பியர் வேண்டாம் என்றாலும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், என் உச்சரிப்பும் அவர்களுக்குப் புரிவதில்லை. அன்று எடுத்த படங்களை அம்மாவுக்கு அனுப்பக்கூடத் தயக்கமாக இருக்கிறது. இந்தத் தாழ்வு மனப்பான்மையிலிருந்து எப்படி வெளியே வருவது? என்ன படிக்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

நிறையக் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதத்தில் ‘அலை இல்லாமல் அமைதியாக ஓர் இடம்’ என்ற வரியைப் படித்ததும் மேற்கொண்டு படிக்க ஓடவில்லை. கொஞ்ச நாளாகவே மனசில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த விஷயம் அது.

சின்ன விஷயங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். நீங்கள் பியர் குடிக்காததை மறுநாள் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். உச்சரிப்பு பழகிவிடும், பழகாவிட்டாலும் குடி முழுகிவிடாது. படங்களை அம்மாவுக்கு அனுப்புங்கள். பிள்ளை முகம் பார்த்தால் போதும் அவர்களுக்கு.

இப்போது கடலுக்கு வருகிறேன். அலை அடிக்கிற இடம் ஆபத்து, அடிக்காத இடம் பத்திரம் என்று நினைத்து இறங்கியிருக்கிறீர்கள். நேர் தலைகீழ், தம்பி. கரையை நோக்கி வருகிற அலை மணல்திட்டு மேல் ஏறும்போதுதான் உடைந்து நுரைக்கிறது. நுரை தெரிந்தால் அடியில் மேடு இருக்கிறது என்று பொருள். சரி, அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போகவேண்டும் அல்லவா? அது இரண்டு திட்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் ஓடித்தான் வெளியே போகிறது. பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரியும், சில நேரம் மணல் கலங்கியிருக்கும். கடலைப் பழகாதவர்களுக்குக் கரையிலிருந்து பார்த்தால் குளிக்கத் தோதான இடம் அதுதான் என்று தோன்றும். ரிப் என்று அங்கே எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான்.

போண்டையின் தெற்குக் கோடியில் அநேகமாக எப்போதும் ஒரு ரிப் ஓடுகிறது. ‘பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்று உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். முதுகுப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்ப் பிள்ளைகள் கண்ணெதிரே தெரிகிற தண்ணீரில் நேராகப் போய் இறங்கிவிடுவதால் வந்த பெயர். நீங்களும் பஸ்ஸில்தானே போனீர்கள்?

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ராப் பிராண்டர் என்று ஒரு பேராசிரியர். ரிப்பில் ஊதாச் சாயத்தைக் கொட்டிக் காட்டுவார், தீங்கில்லாத சாயம். கரையோரத்தில் திட்டாகக் கிடக்கிற சாயம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு மாதிரி நீண்டு, அலை உடைகிற வரிசையைத் தாண்டிப் போய்விடும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் ஊதா. அவரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட கணக்குப்படி ஆஸ்திரேலியாவில் ரிப்பில் சிக்கி ஆண்டுக்குச் சராசரியாக 21 பேர் சாகிறார்கள். சுறா கடித்துச் சாகிறவர் ஏறக்குறைய ஒருவர். என்ன படிக்கலாம் என்று கேட்டீர்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்தச் சாய வீடியோக்களைப் பாருங்கள்.

‘மார்பளவுத் தண்ணீர்தான்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. இதே போண்டையில் மணல்திட்டில் கால் ஊன்றி நின்று குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தை, அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் கடலுக்குள் இழுத்துப் போட்டன. 250 பேருக்கு மேல் மீட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். அன்று மீட்புக் குழுவினர் கரையில் நிறையப் பேர் இருந்ததால்தான் சாவு ஐந்தோடு நின்றது. அவர்களும் மார்பளவில், இடுப்பளவில் நின்றவர்கள்தான். நீச்சல் தெரிந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஹெரால்டு ஹோல்ட் அந்த நாட்டின் பிரதமர், கடலில் நீந்துவதில் ஆசை உள்ளவர். 1967 டிசம்பர் 17 அன்று விக்டோரியாவில் செவியட் கடற்கரையில் கொந்தளிப்பான கடலில் இறங்கியவர் திரும்பி வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

நாங்கள் கல்லூரியில் படிக்கும்போது கன்னியாகுமரிப் பக்கம் சுற்றுலா போனோம். வழியில் ஒரு கடற்கரையில் பஸ் நின்றது. “ஆழத்துக்குப் போகாதீங்கப்பா” என்று சொல்லிவிட்டு வாத்தியார் டீ குடிக்கப் போய்விட்டார். பையன்கள் இறங்கினார்கள். பெண்கள் கரையில் நிற்கவேண்டும் என்று உத்தரவு, அதனால் நடந்தது முழுவதையும் நாங்கள் பார்த்தோம். கொஞ்சம் தள்ளி வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கத்தினார். அவர் வாயில் வந்தது நல்ல வார்த்தை இல்லை. எங்கள் பையன்களுக்குக் கோபம், “இவரு யாரு நம்மளத் திட்ட” என்று ஒருவன் கையை ஆட்டிப் போகச் சொன்னான். அடுத்து நாங்கள் பார்த்தபோது அவர்களில் ஒருவனுடைய தலை மட்டும் தெரிந்தது. அவன் கரையைப் பார்த்து நீந்துகிறான், ஆனால் தூரம் கூடிக்கொண்டே போகிறது. பெரியவரும் இன்னொருவரும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தூக்கிப் போட்டபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது, விரல் இடுக்கிலெல்லாம் மணல். பிழைத்துக்கொண்டான். பெரியவர் திரும்பிப் போய் வலையை எடுத்தார். அப்போதும் திட்டுவதை நிறுத்தவில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வெளியே இழுக்கிறதைப் பார்த்துத்தான் கத்தினாராம், காலையிலிருந்தே அந்த இடத்தில் இழுப்பு இருந்ததாம்.

போண்டையில் உங்களைப் பார்த்துக் கத்தியவரும் அதே வேலையைத்தான் செய்தார். உங்களுக்கு நீந்தத் தெரியாது என்பது நண்பர்களுக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லவில்லை. அத்தனை தூரத்திலிருந்து அந்த மனிதர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். அதைப் போய் அவமானம் என்று எழுதுகிறீர்கள். வாயைத் திறந்து “எனக்கு நீச்சல் தெரியாது” என்று சொல்ல உங்களுக்கு என்ன கேடு? உங்களால் ஏமாந்து இன்னொரு பிள்ளையும் கூட இறங்கியிருக்கிறான். அவனுக்கு ஒன்று ஆகியிருந்தால் ஹனோய்க்கோ ஹியூவுக்கோ யார் ஃபோன் பண்ணியிருப்பார்கள்? இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

உங்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக நிற்கிற நினைவு மண்டபத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமிக்கு வைத்தது. 1930 டிசம்பர் 30 அன்று, அங்கே மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் அவர் மூழ்கிவிட்டார். போன வாரம் அந்தப் பக்கம் நடந்தபோது பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் அதன் நிழலில் பையை வைத்துவிட்டு அலையைப் பார்த்து ஓடினார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிற மாநிலம் இது. தண்ணீர் எங்கே கருத்துத் தெரிகிறது, ஏன் அப்படித் தெரிகிறது என்று நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் போட்டால் என்ன? மீனவர் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். அவர்களை ஒரு மணி நேரம் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்லக்கூட நமக்குத் தோன்றவில்லை. ‘கடலுக்குப் போகாதே’ என்று மட்டும் வீட்டில் சொல்லி வைக்கிறோம். எந்தப் பிள்ளை போகாமல் இருந்தது? ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மெரினாவில் போலீஸ் கயிறு கட்டி நிற்கிறது. ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தக் கயிற்றுக்கு இவ்வளவு வேலை இருக்காது. இதைப் பல கூட்டங்களில் பேசிவிட்டேன், இன்னும் பேசுவேன்.

எப்போதாவது இழுப்பில் மாட்டினால், அது உங்களைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும் என்பதை நினைவில் வையுங்கள். கரையைப் பார்த்து நேராகப் போராடினால் களைத்து மூழ்குவீர்கள். மல்லாந்து மிதந்தபடி ஒரு கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். அதற்கு முதலில் மிதக்கத் தெரியவேண்டும்.

போண்டையிலிருந்து கடலோர நடைபாதையில் தெற்கே இரண்டரை கிலோமீட்டர் போனால் பிரான்டே வரும். அங்கே பாறையை ஒட்டிக் கட்டிய கடல்நீர்க் குளம் இருக்கிறது. 1887இலிருந்து இருக்கிறது, காசு கிடையாது. அடுத்த சனிக்கிழமை அங்கே போங்கள். திங்கட்கிழமையே அலுவலகத்தில் எல்லாரிடமும் எனக்கு நீச்சல் தெரியாது, யார் சொல்லித்தருவீர்கள் என்று கேளுங்கள். கடல் கொந்தளிக்கிற நாளில் அலை அந்தக் குளத்துக்குள்ளேயே வந்து விழும், அன்று வேண்டாம். வியட்நாம் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கடலில் கொடி நட்ட இடத்தில்தான் இறங்கவேண்டும் என்பதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா