பெயர் கெட்டுப்போன பிறகு

சகோதரி, உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி மகனின் மதிப்பெண்களைப் பற்றித்தான். விஷயம் கடைசி நாலு வரியில் இருக்கிறது. நண்பனின் புராஜெக்ட் அறிக்கையைத் தன்னுடையது என்று கொடுத்திருக்கிறான், ஆசிரியர் பிடித்துவிட்டார். "பேரே கெட்டுப்போச்சு, இனி யார் வேலை கொடுப்பார்கள்? வேதத்திலிருந்து ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் பைபிளில் நீதிமொழிகள் 22:1-ஐத்தான் எடுப்பார்கள்: "திரளான ஐசுவரியத்தைப்பார்க்கிலும் நற்கீர்த்தியே தெரிந்துகொள்ளப்படத்தக்கது." நல்ல வசனம்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையனிடம் இப்போது அதை வாசித்துக் காட்டினால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகிவிடும். அவனுக்கு மாற்குவைப் பற்றிச் சொல்லுங்கள்.

இயேசுவின் செய்தியைச் சொல்ல ஊர் ஊராகப் பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் மாற்கு உதவியாளனாகப் போனான். பெர்கே பட்டணம் வந்ததும் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். ஏன் என்று, இதைச் சொல்லும் பைபிள் புத்தகமான அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போகலாம் என்று பர்னபா சொன்னபோது பவுல் ஒரேயடியாக மறுத்தார். வாக்குவாதம் முற்றி இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். இது 15-ஆம் அதிகாரம். 16-ஆம் அதிகாரம் தொடங்கியதும் பவுல் வேறொரு இளைஞனைச் சேர்த்துக்கொள்கிறார். அவன் தீமோத்தேயு. "லீஸ்திராவிலும் இக்கோனியாவிலுமுள்ள சகோதரராலே நற்சாட்சி பெற்றவன்" என்று எழுதியிருக்கிறது. தன்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதாக அங்கே இல்லை. இரண்டு ஊர்க்காரர்கள் அவனுக்காகப் பேசினார்கள்.

வேலைக்கு எடுப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். பயோடேட்டாவை நாம் எழுதுகிறோம், சாட்சியை மற்றவர்கள் சொல்கிறார்கள். "இந்தப் பையன் எப்படி?" என்று ஆசிரியரிடம் கேட்டால், அவர் நினைவுக்கு முதலில் வருவது மதிப்பெண் அல்ல. குழு வேலையில் தன் பங்கை முடித்துக் கொடுத்தானா, வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தந்தானா, வர முடியாத நாளில் முன்கூட்டியே சொன்னானா என்பதுதான். இதெல்லாம் சில்லறை விஷயமாகத் தெரியும். கொஞ்சத்தில் உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவன் என்று இயேசு சொன்னது (லூக்கா 16:10) இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, மாற்கு என்ன ஆனான்? பர்னபா அவனைச் சீப்புரு தீவுக்குக் கூட்டிப்போனார். அப்புறம் அவனைப் பற்றி நடபடிகளில் பேச்சே இல்லை. பின்னால் பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." இதை யாருக்கு எழுதினார் தெரியுமா? அதே தீமோத்தேயுவுக்கு. மாற்குவை வேண்டாம் என்றவரே அவனுக்குச் சாட்சி சொல்கிறார். நடுவில் கழிந்தது ஒரு வாரமோ ஒரு மாதமோ அல்ல, வருடங்கள். இதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி அவன் செய்ய வேண்டியது. ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, "தப்பு என்னுடையது, அந்த வேலையை நானே மறுபடி செய்து தருகிறேன், அனுமதிப்பீர்களா?" என்று கேட்கட்டும். நேரம் போதவில்லை, நண்பன்தான் கொடுத்தான் என்று ஆரம்பித்தால் மன்னிப்பு கேட்டது வீண். நீதிமொழிகள் 28:13 பாவத்தை ஒப்புக்கொள்வதோடு நிறுத்தவில்லை, 'விட்டுவிடுகிறவனோ இரக்கம்பெறுவான்' என்கிறது. ஆசிரியர் மறுத்தாலும் மீதியிருக்கும் பருவத்தில் ஒவ்வொரு வேலையையும் சொந்தமாக, சொன்ன நாளில் முடிக்கட்டும். விண்ணப்பப் படிவத்தில் ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று கேட்டிருந்தால், எடுக்கப்பட்டிருக்கும் பட்சத்தில் உள்ளதை எழுதட்டும். பரிந்துரைக்கு யார் பெயரைப் போட்டாலும் முதலில் அவரிடம் அனுமதி கேட்கட்டும்.

ஊர் வாயை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. எல்லாரும் புகழ்வதைப் பற்றி இயேசு "ஐயோ" என்றுதான் சொன்னார் (லூக்கா 6:26). எல்லார் வாயையும் அடைக்க வேண்டியதில்லை, அவனோடு வேலை செய்கிறவர்கள் நம்பினால் போதும்.

கடைசியாக ஒன்று. ஆசிரியரைப் பார்க்க அவனோடு நீங்கள் போகாதீர்கள். வாசலில் நிற்கவும் வேண்டாம்.