உறையும் எண்ணெய், நீலமாகாத உப்பு: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் அணுவும், உயிர்களை ஆக்கியிருக்கும் மூலக்கூறுகளும்.

பாடப் புத்தகத்தில் எலக்ட்ரான்கள் அணுக்கருவை வட்டமாகச் சுற்றுகின்றன. கல்லூரியில் படிக்கும் அண்ணன் அது தப்பு, மேகம் மாதிரி இருக்கும் என்கிறான். பரீட்சையில் எதை வரைவது? அணுவில் பெரும்பகுதி வெற்றிடம் என்றால் மேசைமேல் வைத்த கை ஏன் உள்ளே போவதில்லை?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பரீட்சையில் வட்டத்தையே வரையுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். அந்த வட்டங்கள் 1913-இல் நீல்ஸ் போர் சொன்னவை. எலக்ட்ரான் ஓடுகிற தடம் என்று நினைக்காமல், எந்த ஆற்றல் நிலையில் எத்தனை எலக்ட்ரான் என்று காட்டும் கணக்காக அவற்றை எடுத்துக்கொண்டால் அண்ணனோடு சண்டை வராது. எலக்ட்ரான் இந்தக் கணத்தில் இங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்லலாம். அந்த வாய்ப்பை வரைந்தால் மேகம் போலத் தெரியும்.

அணுக்கருவின் குறுக்களவு அணுவினுடையதில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு. மிச்ச இடம் முழுக்க எலக்ட்ரான்கள் பரவியிருக்கின்றன. கையின் எலக்ட்ரான்களும் மேசையின் எலக்ட்ரான்களும் ஒரே வகை மின்சுமை கொண்டவை. அதனால் நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளும். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான் இருக்க முடியாது என்கிற பௌலியின் விதியும் (1925) குறுக்கே நிற்கிறது. அதனால்தான் கை நிற்கிறது.

கேட்காமலே ஒன்று சொல்கிறோம். சோடியம் அயனியை (ஓர் எலக்ட்ரானை இழந்த சோடியம் அணு) எழுதச் சொன்னால் பலர் புரோட்டானில் ஒன்றைக் குறைக்கிறார்கள். புரோட்டான் 11, நியூட்ரான் 12, இரண்டும் அப்படியே இருக்கும். எலக்ட்ரான் மட்டும் 10 ஆகும். புரோட்டான் 10 என்றால் அது சோடியமே அல்ல, நியான். குளோரினுக்கு அணு நிறை 35.5-இல் புரோட்டான் 17-ஐக் கழித்து 18.5 நியூட்ரான் என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. அரை நியூட்ரான் கிடையாது. இயற்கையான குளோரினில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிறை எண் 35, மீதி 37. அதன் சராசரிதான் 35.5.

மனித உடலில் 65 சதவீதம் ஆக்சிஜன் என்று ஓரிடத்திலும், 60 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் என்று இன்னோரிடத்திலும் படித்தேன். எது சரி?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை

இரண்டும் சரி. முதலாவது எடைக் கணக்கு: ஆக்சிஜன் 65, கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3 சதவீதம். இரண்டாவது அணுக்களின் எண்ணிக்கை. ஆக்சிஜன் அணு ஒன்று ஹைட்ரஜன் அணுவைப்போல 16 மடங்கு எடை உள்ளது. வினாவில் 'நிறைப்படி' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடையைக் குறியுங்கள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. இரண்டும் எண்ணெய்தானே? உறைந்தால் சுத்தமான எண்ணெய் என்று கடைக்காரர் சொல்வதை நம்பலாமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

எந்தச் சமையல் எண்ணெயாக இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான். கிளிசரால் என்ற சிறு மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும். வேறுபாடு அந்தச் சங்கிலிகளில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற வகை. அதில் பாதியளவு, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். இரட்டைப் பிணைப்பு இல்லாததால் அதன் சங்கிலி நேராகப் படுக்கும். நல்லெண்ணெயில் பெரும்பங்கு ஒலீயிக், லினோலீயிக் அமிலங்கள். இரண்டுக்கும் 18 கார்பன். இரட்டைப் பிணைப்பு வருகிற இடத்தில் சங்கிலி வளைந்துவிடும். நேர் விறகை நெருக்கமாக அடுக்கலாம், கோணல் விறகை எப்படி அடுக்கினாலும் சந்து விழும். நெருக்கமாக அடுக்கியவற்றைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். அதனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கட்டியாகிவிடுகிறது.

அந்த ஒரு வளைவு எவ்வளவு மாற்றும் என்று பாருங்கள். 18 கார்பன் உள்ள ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும். அதில் இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு வைத்தால் ஒலீயிக் அமிலம், 13 டிகிரியிலேயே உருகிவிடும். இனி ஓர் அணுவைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல், இரட்டைப் பிணைப்பின் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி வைத்தால் உருகுநிலை மறுபடி 45 டிகிரிப் பக்கம் ஏறுகிறது. இதுதான் டிரான்ஸ் கொழுப்பு. வனஸ்பதி செய்ய எண்ணெயில் ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது இது உருவாகிறது. இதயத்துக்குக் கேடு என்பதால் 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

கடைக்காரர் சொல்வது பாதிதான் உண்மை. குளிரில் உறையவே இல்லையென்றால் சந்தேகப்படலாம். உறைந்ததாலேயே சுத்தம் என்று சொல்ல முடியாது. எண்ணெய்ப்பனையின் கொட்டையிலிருந்து எடுக்கும் பாம் கர்னல் எண்ணெயிலும் லாரிக் அமிலம் ஏறக்குறைய பாதி இருக்கிறது. அதைக் கலந்தாலும் அழகாக உறையும். ஆய்வகத்தில் அயோடின் மதிப்பு பார்ப்பார்கள். 100 கிராம் எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகள் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கின்றன என்ற கணக்கு அது. தேங்காய் எண்ணெய்க்கு 7.5 முதல் 10, பாம் கர்னலுக்கு 14-க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 100-க்கும் மேல்.

அரிசியிலும் குளுக்கோஸ், வைக்கோலிலும் குளுக்கோஸ் என்கிறீர்கள். பிறகு ஏன் நம்மால் வைக்கோல் தின்று வாழ முடியாது?
– விவசாயி, மன்னார்குடி

பிணைப்பின் திசைதான் காரணம். அரிசி மாவுச்சத்தில் குளுக்கோஸ்கள் ஒரே பக்கம் பார்த்துச் சேர்ந்திருக்கின்றன. வைக்கோலின் செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழ். நம் எச்சிலிலும் கணையத்திலும் சுரக்கும் அமிலேஸ் என்ற நொதி முதல் வகையை மட்டுமே வெட்டும். மாட்டுக்கும் சொந்தமாக அந்தத் திறமை இல்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள்தான் வேலையைச் செய்கின்றன. தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் மாடு சோர்ந்துபோவதும் இதனால்தான். நுண்ணுயிரிகளுக்குப் பழக நாள் வேண்டும்.

வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் சோதனையைப் பள்ளியில் செய்தோம். மிக்ஸியில் அரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, கடைசியில் சானிடைசர் ஊற்றினோம். நுரைதான் வந்தது. எங்கே தவறு?
– அறிவியல் ஆசிரியை, தென்காசி

மிக்ஸி, நுரை, சானிடைசர் மூன்றுமே தவறு. அதிலும் பெரிய தவறு சானிடைசர்.

டி.என்.ஏ. சங்கிலியின் முதுகெலும்பு முழுக்கப் பாஸ்பேட். அவை எதிர்மின்சுமை உள்ளவை. நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்துகொள்வதால் டி.என்.ஏ. கரைந்தே கிடக்கும். உப்பிலுள்ள சோடியம் அயனி அந்தச் சுமையைச் சமன்செய்ய வேண்டும். நீர் நிறைய இருக்கும்வரை சோடியம் பாஸ்பேட்டோடு ஒட்டாது. ஆல்கஹால் சேர்ந்தால் ஒட்டும், டி.என்.ஏ. வெளியே திரளும். அதற்குக் கலவையில் எத்தனால் சுமார் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். சானிடைசரில் இருப்பதே சுமார் 70 சதவீதம். சாற்றோடு சரிபாதி கலந்தால் 35-க்கு இறங்கிவிடும். ஜெல் வகை என்றால் கெட்டியாக்கச் சேர்த்த பொருளும் சேர்ந்து குழப்பும்.

இப்படிச் செய்யுங்கள். நன்கு பழுத்த பழத்தில் பாதியைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையால் பிசையுங்கள். மிக்ஸியின் பிளேடு நீளமான இழைகளை நறுக்கிவிடும், பிறகு நூல் திரளாது. 100 மில்லி தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு டீஸ்பூன் விட்டு, நுரை எழாமல் மெதுவாகக் கலக்கிப் பழத்தோடு சேருங்கள். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது, அதை இந்தத் திரவம் கரைக்கும். பத்து நிமிடம் விட்டு, இரண்டாக மடித்த பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பிழியாதீர்கள், பிழிந்தால் சக்கை இறங்கும். வடிந்த சாற்றில் 10 மில்லியை டெஸ்ட் டியூபில் எடுத்து, சில்லென்ற சர்ஜிக்கல் ஸ்பிரிட் 20 மில்லியைக் குழாயின் சுவரோரமாக மெல்ல விடுங்கள். பாட்டிலில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிட் மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் எல்லைக்கோட்டில் வெண்மையாக இழை திரளும். பல்குச்சியில் சுற்றி எடுக்கலாம்.

ஸ்பிரிட்டை மூடிய பாட்டிலோடு ஐஸ் கட்டிகளுக்குள் வைத்துக் குளிர்வியுங்கள், வீட்டு ஃப்ரீசர் வேண்டாம். எளிதில் தீப்பற்றும் திரவம், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

மாணவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: கண்ணுக்குத் தெரிவது ஒற்றை டி.என்.ஏ. அல்ல. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்குதான். லட்சக்கணக்கானவை திரண்டதைத்தான் பார்க்கிறோம். கூடவே பெக்டினும் (பழத்திலுள்ள வழுவழுப்பான பொருள்) புரதமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். குச்சியில் நூலாகச் சுற்றாமல் வெறும் வழுவழுப்பாகக் கிடந்தால் அது பெரும்பாலும் பெக்டின். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஸ்ட்ராபெரி கிடைத்தால் அதில் இன்னும் நன்றாக வரும். தோட்ட ஸ்ட்ராபெரியின் செல்லில் குரோமோசோம் தொகுதி எட்டு, பூவன் பழத்தில் மூன்று.

வாழைப்பழத்தில் கதிரியக்கம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. குழந்தைக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், கோவை

தாராளமாகக் கொடுங்கள். செய்தி பொய்யல்ல, பயம்தான் அர்த்தமற்றது. எந்தப் பொட்டாசியத்திலும் பத்தாயிரத்தில் ஓர் அணுவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பொட்டாசியம்-40 இருக்கும். அதன் கருவில் 19 புரோட்டான், 21 நியூட்ரான். நிலையற்றது. ஒரு பழத்தில் நொடிக்குப் பதினைந்து அணு வாக்கில் சிதையும். வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் எப்போதும் இருப்பதால், பழமே தின்னாவிட்டாலும் நொடிக்கு 4,000-க்கு மேல் சிதைகின்றன. கூடுதலாக வரும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழத்தை அளவோடு சாப்பிடச் சொல்வது பொட்டாசியத்துக்காக, கதிரியக்கத்துக்காக அல்ல.

கொலாஜன் பொடி குடித்தால் தோல் சுருக்கம் போகுமா? ஆட்டுக்கால் சூப் போதாதா?
– வாசகி, சென்னை

கொலாஜன் ஒரு புரதம். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட அதன் வடிவத்தை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் வரும். முறுக்கின் நடுவில் கிடைக்கிற இடுக்கில் பக்கக் கிளையாக ஒற்றை ஹைட்ரஜன்தான் நுழைய முடியும், அப்படி உள்ளது கிளைசின் மட்டுமே.

சூப்பைக் கொதிக்கவிடும்போதே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடுகிறது. ஆறினால் கட்டியாக நிற்பது அதுதான். பொடியில் அதையும் மேலும் துண்டாக்கியிருப்பார்கள். இரண்டையும் குடல் பெரும்பாலும் அமினோ அமிலங்களாகவும் குட்டித் துண்டுகளாகவும் வெட்டியே உள்ளே விடும். அவை தோலுக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. சிறிது பலன் கண்டதாகச் சொல்லும் சோதனைகள் உண்டு. அவற்றில் பல, பொடி விற்பவர்களின் பணத்தில் நடந்தவை. எங்கள் கருத்தைக் கேட்டால், அந்த விலைக்குப் பொடி தேவையில்லை. கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே கிடையாது. புரதம் வேண்டுமென்றால் முட்டையும் பருப்பும் மேல்.

நெல்லிக்காயையும் கொய்யாவையும் விடாதீர்கள். கொலாஜனில் உள்ள புரோலினோடு ஓர் ஆக்சிஜனைச் சேர்க்க வைட்டமின் சி தேவை. சேராவிட்டால் அந்த முறுக்கு உடல் வெப்பத்திலேயே அவிழ்ந்துவிடும். ஸ்கர்வி நோயில் ஈறு கசிவதன் காரணம் அதுதான்.

அயோடின் உப்பைச் சாதம் வடித்த கஞ்சியில் போட்டேன், நீலமாகவில்லை. எலுமிச்சை பிழிந்தும் பார்த்தேன், இல்லை. போலி உப்பா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், விழுப்புரம்

இந்தச் சோதனையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மாவுச்சத்தின் சங்கிலி சுருளாக இருக்கும். தனி அயோடினும் அயோடைடும் (எதிர்மின்சுமை ஏற்ற அயோடின்) சேர்ந்து அந்தச் சுருளுக்குள் வரிசையாக நுழைந்தால்தான் நீலம் வரும். நம் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். அதில் ஒவ்வோர் அயோடினோடும் மூன்று ஆக்சிஜன் பிணைந்திருக்கும், சுருளுக்குள் நுழையாது. அளவும் மிகக் குறைவு: வாங்குபவர் கையில் வரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பதே விதி. எலுமிச்சையின் வைட்டமின் சி, பிரிந்து வரும் அயோடினை அயோடைடாக மாற்றி நிறத்தை அழித்தும்விடும். கஞ்சி சூடாக இருந்தாலும் நீலம் தங்காது.

அயோடேட்டுக்கான சோதனைக் கரைசலில் மாவுச்சத்து, பொட்டாசியம் அயோடைடு, அமிலம் மூன்றும் இருக்கும். அமிலத்தில் அயோடேட்டும் அயோடைடும் சேர்ந்து தனி அயோடினைத் தரும். உப்பின்மேல் சொட்டு விட்டால் உடனே ஊதா கலந்த நீலம். நீலத்தைக் கண்ணால் பார்க்க ஆசை என்றால், மருந்துப் பெட்டியில் இருக்கும் போவிடோன் அயோடின் ஒரு சொட்டை ஆறிய சோற்றில் விடுங்கள். பிறகு அந்தச் சோற்றைக் காக்கைக்கும் வைக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.