தலையை வெட்டாமல் கொண்டுவந்தீர்களே, அதுவரை நல்லது

கேள்வி: சார், வணக்கம். யேற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வாரம் நண்பர்கள் ஐந்து பேர் கடலூர் போய், ஏஜென்ட் ஒருவர் மூலமாக ஃபைபர் படகு பிடித்து, விடியற்காலையில் தூண்டில் போடக் கடலுக்குள் போனோம். சங்கராவும் பாரையும் கிடைத்தன. கூடவே ஒன்றரை அடி நீளத்தில் தெரியாத மீன் ஒன்றும் மாட்டியது. முதுகு பச்சை கலந்த சாம்பல் நிறம், பக்கவாட்டில் வெள்ளித் தகடு மாதிரி மின்னுகிறது, செதிலே இல்லை. மேலே தூக்கியதும் வயிறு பலூன் மாதிரி உப்பியது. படகுக்காரர் கடலிலேயே போடச் சொன்னார். கரைக்கு வந்ததும் ஏஜென்ட், "இது கடல் கோழி. தலையையும் தோலையும் எடுத்துட்டா கறி கோழி மாதிரியே இருக்கும். முந்நூறு குடுங்க, வெட்டித் தர்றேன்" என்றார். நாங்கள் வெட்டாமல் தனிப் பையில் கட்டிக் கொண்டுவந்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். மொபைல் ஆப்பில் படம் போட்டால் கிளாத்தி என்று காட்டுகிறது. படங்கள் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். சமைக்கலாமா?

பதில்: சமைக்காதீர்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படமே போதும். அது பேத்தை. விருந்துக்கு மட்டுமல்ல, பூனைக்குக்கூடப் போடக் கூடாத மீன்.

பேத்தையின் ஈரலிலும் சினையிலும் குடலிலும் தோலிலும் டெட்ரோடோடாக்சின் என்று ஒரு விஷம் இருக்கிறது. சில இனங்களில் சதையிலேயே இருக்கிறது. நரம்பு தசைக்கு அனுப்புகிற செய்தியை அது பாதியில் நிறுத்திவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உப்புப் போட்டுக் காய வைத்தாலும் போகாது. ஃப்ரீசரில் எத்தனை நாள் வைத்தாலும் போகாது. மஞ்சளும் புளியும் போட்டால் முறிந்துவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பேத்தையில் விஷம் குறைந்த இனமும் உண்டே என்று கேட்பீர்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதைப் படித்துவிட்டு ஒருவர் கத்தியை எடுத்தால்கூட எனக்குத் தூக்கம் வராது.

சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அரை மணி நேரத்துக்குள், சிலருக்குச் சில மணி நேரம் கழித்து, உதடும் நாக்கும் மரத்துப்போகும். வாந்தி வரலாம். பேச்சு குழறும். கை கால் தளரும். கடைசியில் மூச்சு விடுகிற தசையும் நின்றுபோகும். பல பேருக்கு அதுவரை நினைவு தெளிவாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை. மாற்று மருந்து கிடையாது. விஷம் உடம்பை விட்டு வெளியேறும் வரை வென்டிலேட்டரில் மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இருப்பது மலை மேலே. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். அந்த நேரத்தை இந்த விஷம் உங்களுக்குத் தராது.

சரி, ஆப் கிளாத்தி என்கிறதே என்ற சந்தேகத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளாத்தி நிஜமாகவே சாப்பிடுகிற மீன். தோல் தடித்து முரடாக இருப்பதால் கடையிலேயே உரித்துத்தான் தருவார்கள். கறி கெட்டியாக இருக்கும், முள் தொந்தரவு குறைவு, குழந்தைகளுக்குப் பிடிக்கும். பேத்தைக்கும் கிளாத்திக்கும் தூரத்து உறவு உண்டு, இரண்டுக்கும் வாய் சின்னது. அதனால் படத்தை மட்டும் பார்க்கிற ஆப் தடுமாறுகிறது.

கையில் மீன் இருந்தால் தடுமாற வேண்டியதில்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் பையோடு வைத்தே பாருங்கள். கிளாத்தியின் முதுகில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால், கெட்டியான முள் ஒன்று இருக்கும். அதை நிமிர்த்திவிட்டால் அழுத்தினாலும் மடங்காது. அதற்குப் பின்னால் இருக்கிற இரண்டாவது சின்ன முள்ளை அமுக்கினால்தான் முன் முள் மடங்கும், துப்பாக்கி விசை மாதிரி. பாறை இடுக்குக்குள் புகுந்து அந்த முள்ளை நிமிர்த்திக்கொண்டால் பெரிய மீன்கூட அதை வெளியே இழுக்க முடியாது. பேத்தையின் முதுகில் இப்படி முள் எதுவும் கிடையாது. உங்கள் படத்திலும் இல்லை. அடுத்தது வாய். கிளாத்திக்குப் பற்கள் தனித்தனியாக இருக்கும். பேத்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலே பல், கிளி மூக்கு மாதிரி ஒட்டிப்போய், நடுவில் ஒரு கோடு ஓடும். தூண்டிலின் தங்கூஸ் நரம்பையே கடித்துத் துண்டாக்கிவிடும். மூன்றாவது தோல். கிளாத்தியின் மேல் கட்டம் கட்டமாகக் கெட்டிச் செதில் இருக்கும், விரலுக்குச் சொரசொரக்கும். பேத்தையின் வயிற்றுத் தோல் தொளதொளவென்று மடியும். அந்தத் தொளதொளப்பு இருப்பதால்தான் அதனால் தண்ணீரையோ காற்றையோ விழுங்கி உப்ப முடிகிறது.

இப்போது கவனியுங்கள். முதுகு முள், பல், தோல். நான் சொன்ன மூன்று அடையாளமும் எங்கே இருக்கின்றன? தலையிலும் தோலிலும். உங்கள் ஏஜென்ட் முதலில் எடுத்துவிடுகிறேன் என்றதும் அந்தத் தலையையும் தோலையும்தான். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் வெட்டிக் கொடுத்திருந்தால், இன்று நீங்கள் அனுப்பும் படத்தில் வெள்ளைக் கறிதான் இருந்திருக்கும். என்னாலும் சொல்லியிருக்க முடியாது, வேறு யாராலும் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது.

படகுக்காரர் போடச் சொன்னாரே! அவருக்குத் தெரியும். வலையைக் கடித்து ஓட்டை போடுகிற, விலை போகாத மீன் என்று அவர் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்தது அது. கடலையே அறியாத ஏஜென்டின் பேச்சைக் கேட்டுத்தானே அதை மலை வரைக்கும் சுமந்து வந்தீர்கள்? அடுத்த முறை படகுக்காரரிடம் நேராகப் பேசுங்கள், அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பவர் லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிக்கூடப் பேச மாட்டார். மீனுக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டுவதும் இவர்கள்தான். கடல் கோழி என்ற பெயரை வைத்து அது எந்த மீன் என்று சொல்லிவிட முடியாது. ஊர்ப் பெயர் தெரியாத மீனுக்கு வாயில் எச்சில் ஊறும் பெயராக வைத்தால் எச்சரிக்கையாகி விடுங்கள்.

கடையில் வாங்கினால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். 2023இல் மலேசியாவின் ஜோகூரில், எண்பது வயதைத் தாண்டிய கணவன் மனைவி கடையில் வாங்கிய பேத்தையைச் சமைத்துச் சாப்பிட்டு, இருவருமே இறந்துபோனார்கள். ஜப்பானில் சாப்பிடுகிறார்களே என்பார்கள். அங்கே அதற்கென்று பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்தான் வெட்ட முடியும். அந்த நாட்டிலேயே 1975இல் கபுகி என்ற மரபு நாடகத்தின் புகழ்பெற்ற நடிகர் ஒருவர் அதன் ஈரலைச் சாப்பிட்டு உயிரை விட்டார். ஐரோப்பிய ஒன்றியமோ இந்தக் குடும்பத்து மீனைச் சந்தைக்கே வர விடுவதில்லை.

நம் ஊரில் என்ன நடக்கிறது? சேலத்துக்குக் கடல் மீன் லாரியில் ஐஸோடு வருகிறது. அதிகாரிகள் வந்தால், மீன் கெடாமல் இருக்கச் சேர்க்கிற ஃபார்மலின் ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் எந்த மீன் என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் தலையும் தோலும் இல்லாத துண்டுகளைக் கிளாத்தி என்று விற்றார்கள். எனக்குச் சந்தேகம். கால் கிலோ வாங்கி ஐஸ் வைத்து ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். கடல் மீன் எங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். அவர்கள் காட்டிய இடத்துக்குப் போனால், நீங்களாகக் கொண்டுவந்தால் சாம்பிள் ஆகாது, நாங்கள் வந்து எடுத்தால்தான் ஆகும் என்றார்கள். எப்போது வருவீர்கள் என்றேன். மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். ஐஸ் உருகியதுதான் மிச்சம். அந்தத் துண்டு எந்த மீன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அணையும் ஆறும் இருக்கிற மாவட்டம் என்பதால் இங்கே கெண்டையையும் ஜிலேபியையும் அடையாளம் காட்ட ஆள் இருக்கிறது. நாம் தின்பதில் பெரும் பங்கு கடல் மீனாகிப் பல வருடமாகிவிட்டது. மார்க்கெட்டில் கடல் மீன் தெரிந்த ஒருவரை உட்கார வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பேத்தையைக் கிழிக்காமல் தனிப் பையில் வைத்திருந்ததால் சங்கராவுக்கும் பாரைக்கும் பயமில்லை. நன்றாகக் கழுவிச் சமையுங்கள். பேத்தையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அதை ஐஸ் உருகும் முன்னே பையோடு கொண்டுபோய், மூன்றடி ஆழத்துக்குக் குறையாமல் குழி வெட்டிப் புதைத்து மேலே கல் வையுங்கள். எஸ்டேட் பக்கம் காட்டுப்பன்றி தோண்டும், நாய் மோப்பம் பிடிக்கும். குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். அப்புறம், எஸ்டேட் லைன் வீடுகளில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னால் இந்தப் பதிலை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இனி தெரியாத மீன் மாட்டினால் வெட்டும் முன் மூன்று படம் எடுங்கள்: வாயைத் திறந்து பல் தெரிய ஒன்று, முதுகு தெரிய ஒன்று, வயிறு தெரிய ஒன்று. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவும் தெரிந்துவிடும்.